சரி மட்டும் உள்ள பெட்டி

எங்கள் சான்றிதழ் இயக்ககத்தில் பொதுமக்களை நிறுத்திவைக்க ஏழு வழிகள் உண்டு. டோக்கன், வரிசைக் கயிறு, மதிய இடைவேளை, கையெழுத்துப் போடுகிறவர் கூட்டத்தில் இருப்பது, கூட்டத்தைக் கூட்டியவர் விடுப்பில் இருப்பது, மை தீர்ந்த பிரிண்டர், "அடுத்த ஜன்னல்ல கேளுங்க" என்பது. எட்டாவது வழியை எழுதியவன் நான். அதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பிறப்பு, இறப்பு, இருப்பிடம் என்று மூன்று வகைச் சான்றிதழ்களை நாற்பது கவுண்டர்களில் கொடுக்கிறோம். கவுண்டர்களில் ஓடும் புரோகிராமை இரண்டாம் மாடியில், சொட்டுகிற குழாய்க்கு எதிர் அறையில் உட்கார்ந்து இரண்டு பேர் எழுதுகிறோம். ஒருவன் நான். இன்னொருவர் என் பக்கத்து நாற்காலிக்காரி. கீழே ஏழாம் கவுண்டரில் என் அக்கா இருக்கிறாள். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். இந்த ஆண்டு நிரந்தரமாக்கும் பட்டியலில் அவளும் இருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை: பட்டியல் வெளியாகும்வரை அவள்மேல் எந்தப் புகாரும் நிரூபணம் ஆகக் கூடாது.

ஒருநாள், பிறந்து பதினெட்டு நாளான குழந்தைக்கு இறப்புச் சான்றிதழ் அச்சாகிவிட்டது. மறுநாள் குழந்தையின் தகப்பன் அந்தத் தாளோடு வந்து நின்றார். "இதோ வெளியில அழுதுட்டு இருக்கான் சார், கேக்குதா?" என்றார். கேட்டது. அன்று மாலையே நான் புரோகிராமில் ஒரு சிறு பெட்டியைச் சேர்த்தேன். "இறப்புச் சான்றிதழ் அச்சிடவா?" என்று கேட்கும். கீழே 'சரி', 'இல்லை' என்று இரண்டு பட்டன். டயலாக் பெட்டி என்போம். அதில் இது மோடல் வகை. திறந்துவிட்டால், அதற்குப் பதில் சொல்லாமல் புரோகிராமில் வேறு எதையும் தொட முடியாது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆளைப் போல.

பெட்டியைப் பார்க்க இயக்குநரே மாடி ஏறி வந்தார். மௌஸைப் பிடித்து, பெட்டிக்கு வெளியே ஓரிடத்தில் அழுத்தினார். எதுவும் நடக்கவில்லை. வேறோர் இடத்தில் அழுத்தினார். 'டொங்' என்று சத்தம் வந்தது. பெட்டி ஒருமுறை மின்னியது. இயக்குநர் மௌஸை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியதை நான் அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

"முப்பது வருஷமா இதைத்தான் தேடிட்டு இருந்தேன்" என்றார். "ஒரு ஆளை நிக்க வைக்கணும்னா நான் கத்தணும், முறைக்கணும், ஃபைலைத் தூக்கிப் போடணும். பிரஷர் ஏறுது. இது பாருங்க, ஒரு வார்த்தை பேசல. நிக்க வச்சிருச்சு."

"சார், இது ஒரு இடத்துக்கு மட்டும்தான்..." என்றேன்.

"ஏன் ஒரு இடத்துக்கு மட்டும்?" என்றார் இயக்குநர்.

பாராட்டுக் கடிதம் வந்தது அந்த வாரம்தான்.

அதற்கடுத்த வாரம் டயலாக் பெட்டி நிலைக்குழு அமைந்தது. அதன் செயலரை நாங்கள் முற்றுப்புள்ளி என்போம். எதைச் சொல்லி எழுதச் சொன்னாலும் கடைசியில் "முற்றுப்புள்ளி" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் நிறுத்துவார். வீட்டிலும் அப்படித்தான் என்று கேள்வி. ஒவ்வொரு பிரிவும் தனக்கொரு பெட்டி கேட்டது. பதிவேட்டுப் பிரிவுக்கு, "பதிவேட்டைப் பார்த்தீர்களா?" சரிபார்ப்புப் பிரிவுக்கு, "பதிவேட்டைப் பார்த்ததைச் சரிபார்த்தீர்களா?" முத்திரைப் பிரிவு, தன் முத்திரையின் படத்தை மட்டும் போட்டு, கேள்வி எதுவும் இல்லாத பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டது. மூன்று மாதத்தில் பெட்டிகள் இருபத்தாறு ஆயின.

இதில் எனக்குப் பெரிய சிரமம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் எழுதும் முறையில் எல்லாப் பெட்டிகளும் ஒரு மூலப் பெட்டியிலிருந்து பிறப்பவை. மூலப் பெட்டியில் ஒன்றைச் சேர்த்தால் பிள்ளைகள் அத்தனைக்கும் அது வந்துவிடும். எடுத்தால் அத்தனையிலும் போய்விடும். புதுப் பெட்டி செய்ய எனக்கு அரைமணி நேரம் போதும். அரைமணியில் முடிகிற வேலை என்பதால் அதைப் பற்றி நான் யோசிக்கவும் இல்லை.

நான்காம் மாதம் முற்றுப்புள்ளி ஒரு புள்ளிவிவரத்தோடு வந்தார். கவுண்டர்களில் நூற்றுக்கு மூன்று பேர் 'இல்லை' பட்டனை அழுத்துகிறார்களாம்.

"சார், தப்பு நடக்க இருந்ததைத் தடுத்திருக்காங்க. பட்டன் அதுக்குத்தான் இருக்கு" என்றேன்.

"நீங்க டெக்னிக்கலா பேசறீங்க. நான் நிர்வாகமாப் பேசறேன்" என்றார். "இயக்ககம் ஒரு கேள்வி கேக்குது. அதுக்கு ஒருத்தர் இல்லைங்கறார். அப்ப கேட்டவங்களுக்கு என்ன மரியாதை? இல்லைன்னு ஒரு பட்டனை நாமளே வச்சுக் குடுத்தா, நாம கேட்டது தப்பா இருக்கலாம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. எழுதிக்குங்க. இல்லை பட்டன் நீக்கப்படுகிறது, முற்றுப்புள்ளி."

மூலப் பெட்டியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இல்லை பட்டனை மறை.' ஒரே நொடியில் இருபத்தாறு பெட்டிகளிலும் அது மறைந்தது. பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "பதில் ஒண்ணுதான்னா கேள்வி எதுக்குப்பா?" என்றாள்.

"மேல கேளு" என்றேன்.

"நான் உன்னைக் கேக்கறேன்" என்றாள்.

அதன் பிறகு, எல்லோரும் படிக்காமல் 'சரி' அழுத்துகிறார்கள் என்று இன்னொரு புள்ளிவிவரம் வந்தது. பெட்டி திறந்து பத்து வினாடிவரை பட்டன் சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாமல் இருக்க வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. ஒரு சான்றிதழுக்கு இருபத்தாறு பெட்டி, பெட்டிக்குப் பத்து வினாடி. கவுண்டரில் இருப்பவர்கள் அந்தப் பத்து வினாடியில் விரலை மௌஸ்மேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். 'டொங்' சத்தம் இயக்குநரின் அறைவரை கேட்கிறது என்று நாற்பது ஸ்பீக்கர்களையும் கழற்றி எடுத்துப் போனார்கள்.

இதுவரை நடந்ததில் யாருக்கும் எலும்பு முறியவில்லை. அடுத்த கூட்டத்தில்தான் விபத்து.

ஸ்கிரீனில் புரோகிராம் திறக்கும் பக்கத்தை ஜன்னல் என்போம்; எங்கள் புரோகிராமில் அது பதிவேட்டுப் பிரிவுடையது. ஒரு பெட்டியைத் திறக்கும்போது, 'இது எந்த ஜன்னலைச் சேர்ந்தது?' என்று ஃபிரேம்வொர்க், அதாவது வேறு யாரோ முன்பே எழுதிவைத்து நாங்கள் பயன்படுத்தும் அடிப்படை நிரல், கேட்கும். சொல்லிவிட்டால், பெட்டி எப்போதும் அந்த ஜன்னலுக்கு முன்னால்தான் நிற்கும். யாரோ அதிகப்பிரசங்கி இந்த விவரத்தைக் குழுவின் காதில் போட்டுவிட்டார். நான்தான்.

"அப்படின்னா முத்திரைப் பிரிவோட பெட்டி எங்க ஜன்னல் மேல ஏறி உக்காருதா?" என்று பதிவேட்டுப் பிரிவின் தலைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"உங்க ஜன்னல்மேல உக்கார எங்களுக்கென்ன வேண்டுதலா?" என்றார் முத்திரைப் பிரிவின் தலைவர். "எங்க பெட்டி உங்க ஜன்னலைச் சேர்ந்ததுன்னு எழுதறதுக்கு நாங்க ஒத்துக்கவே மாட்டோம். நாளைக்கு முத்திரையே உங்களதும்பீங்க."

நான்கு மணி நேரம் போயிற்று. இரண்டு முறை தேநீர் வந்தது. கடைசியில் இயக்குநர் கை உயர்த்தினார். "எந்தப் பெட்டியும் எந்த ஜன்னலையும் சேர்ந்தது இல்லை. அந்த இடத்தைக் காலியா விடுங்க."

நான் எழுந்து நின்றேன். "சார், காலியா விட்டா பெட்டி சில சமயம் ஜன்னலுக்குப் பின்னாடி போயிடும். ஆள் கண்ணுக்கே தெரியாது."

"பின்னாடி போனாலும் நிறுத்தி வைக்குமா?"

"நிறுத்தி வைக்கும் சார். அதான் பிரச்சினையே."

"நிறுத்தி வைக்குதுல்ல? அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார் இயக்குநர்.

கூட்டக் குறிப்பில், 'நிரல் எழுதுபவர், நிறுத்தும் திறன் குறையாது என உறுதியளித்தார்' என்று எழுதினார்கள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் மாலை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "உன் புரோகிராமுக்கு என்னைக் கண்டா ஆகாதாடா? மத்த கவுண்டர்ல எல்லாம் ஓடுது. என்கிட்ட மட்டும் கல்லு மாதிரி நிக்குது. மௌஸ் நகருது, எதை அழுத்தினாலும் அசைய மாட்டேங்குது. இன்னிக்கு நாலு தடவை."

"உன் கவுண்டர்ல டோக்கன் சுவிட்ச் கெட்டுப்போச்சுன்னு சொன்னியே, சரி பண்ணிட்டாங்களா?"

"ரெண்டு வருஷமாப் பண்றாங்க. கம்ப்யூட்டர்லயே டோக்கன் ஜன்னலைத் திறந்துதான் கூப்பிடறேன்."

அதுதான். மற்றவர்கள் மேஜைமேல் உள்ள சுவிட்சைத் தட்டி அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் டோக்கன் ஜன்னலுக்குப் போய்த் திரும்புகிறாள். திரும்பும்போது புரோகிராம் ஜன்னல் முன்னால் வந்துவிடுகிறது. எதையும் சேராத பெட்டி பின்னால் போய்விடுகிறது. அங்கிருந்தபடி, "பதிவேட்டைப் பார்த்தீர்களா?" என்று யாரும் பார்க்காத கேள்வியைக் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது.

"அக்கா, பெட்டி பின்னாடி இருக்கு" என்றேன்.

"எதுக்குப் பின்னாடி?"

விளக்கினேன். அவள் ஒரு சட்டையைப் பாதி மடிப்பில் பிடித்தபடி கேட்டாள். "அது ஒளிஞ்சுக்கும், நான் தேடணும். அதானே? சின்ன வயசுல நீயும் இப்படித்தான். எதையாவது உடைச்சுட்டு பீரோவுக்குப் பின்னாடி போய் நிப்ப. அடி எனக்கு விழும்."

"ஆல்ட், டாப் ரெண்டு கீயையும் சேர்த்து அழுத்துக்கா, முன்னாடி வந்துரும்."

மறுநாள் மதியம் போன் செய்தாள். அவளுடைய கீபோர்டில் டாப் கீ இல்லையாம். போன வருடம் சிலர் அதை அழுத்தி வேறு ஜன்னலில் சீட்டு விளையாடினார்கள் என்று, ஒரு சுற்றறிக்கையின்படி நாற்பது கீபோர்டிலும் அதைப் பிடுங்கியிருந்தார்கள். "அந்த இடத்துல ஒரு குழிதான்டா இருக்கு. விரலை விட்டா உள்ள போகுது" என்றாள்.

இயக்குநரிடம் நேரில் போனேன். ஏழாம் கவுண்டருக்கு மட்டுமாவது பெட்டி எந்த ஜன்னலைச் சேர்ந்தது என்று எழுத அனுமதி கேட்டேன். "ஒரு கவுண்டருக்குச் சலுகை குடுத்தா மத்த முப்பத்தொன்பதும் கேக்கும்" என்றார். "சுவிட்சையாவது சரி செய்யலாமே சார்" என்றேன். "அது மின்சாரப் பிரிவு. நீங்க எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு நகல்.

அந்த வாரக் கடைசியில், இருப்பிடச் சான்றிதழுக்காக ஒரு லாரி ஓட்டுநர் ஏழாம் கவுண்டருக்கு வந்தார். பன்னிரண்டு மணிக்குள் அதைக் கொடுத்தால்தான் அவருக்கு வேலை. ஸ்கிரீன் நாற்பது நிமிடம் நின்றது. "ஏம்மா, தெரியாத வேலைக்கு ஏன் வந்து உக்காந்திருக்கீங்க?" என்று அவர் கண்ணாடியைத் தட்டினார். வரிசையில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, படியில் போய் உட்கார்ந்துகொண்டாராம். அக்கா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் திட்டியதைப் பற்றிப் பேச்சே இல்லை.

வரிசையில் இருந்த யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். 'ஏழாம் கவுண்டர் ஊழியர் மந்தம்' என்று புகார் பதிவாயிற்று.

திங்கட்கிழமை முற்றுப்புள்ளி என் அறைக்கு வந்தார். முகத்தில் ஒரு பூரிப்பு.

"விசாரணையையும் நவீனமாக்கறோம். இனிமே குற்றச்சாட்டு, விளக்கம், நேர்விசாரணை எதுவும் வேணாம். ஊழியரோட ஸ்கிரீன்லயே ஒரு பெட்டி திறக்கும். எழுதிக்குங்க. ஏழாம் கவுண்டரின் தாமதத்துக்கு நானே பொறுப்பு, முற்றுப்புள்ளி. கீழ சரி பட்டன். சரி வர்றவரைக்கும் தினமும் காலையில திறக்கணும், முற்றுப்புள்ளி."

"சார், அவங்க பொறுப்பு இல்லன்னா?"

"அதைச் சொல்லட்டுமே. யார் வேணாம்னது?"

"எதை அழுத்திச் சொல்வாங்க? பட்டன் ஒண்ணுதானே சார் இருக்கு."

"ஏற்பாடு அப்படி இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார் முற்றுப்புள்ளி.

"அவங்க என் அக்கா சார்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அவங்களுக்குப் புரியற மாதிரி எழுதுவீங்க."

அவர் போன பிறகு நான் அந்தப் பெட்டியை எழுதினேன். எழுதினேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. வழக்கம்போல அரைமணி நேரம் ஆனது. பக்கத்து நாற்காலிக்காரி தன் வேலையை நிறுத்திவிட்டு என் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே எழுதிட்டியா?"

"நான் எழுதலன்னா உன்னை எழுதச் சொல்வாங்க."

"அப்ப என் பேரைச் சொல்லித்தான் எழுதினியா? நல்லா இருக்கே" என்றாள்.

அதற்குப் பிறகு மூலப் பெட்டியைத் திறந்தேன். எட்டு மாதத்துக்கு முன் நான் போட்ட வரி அங்கேயே இருந்தது. 'இல்லை பட்டனை மறை.' அதை நீக்கினேன். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஃபிரேம்வொர்க்கை உருவாக்கியவர்கள், எங்கோ முகம் தெரியாதவர்கள், எந்தப் பெட்டிக்கும் இரண்டு பட்டன் வேண்டும் என்று முதலிலேயே வைத்திருந்தார்கள். அதை மறைத்தவன் நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அக்காவின் பின்னால் இயக்குநர் ஒரு பக்கமும் முற்றுப்புள்ளி ஒரு பக்கமுமாகச் சாட்சிக்கு நின்றார்கள். தொழில்நுட்ப உதவிக்கு என்று நானும் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டி திறந்தது. அவள் வாய்க்குள் படித்தாள். பட்டன்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. பட்டன்கள், இரண்டு.

"அது என்ன இன்னொண்ணு?" என்றார் முற்றுப்புள்ளி.

பத்து வினாடி முடிந்தது. அக்கா 'இல்லை'யை அழுத்தினாள்.

பெட்டி மூடிக்கொண்டது. அக்கா டோக்கன் ஜன்னலைத் திறந்து முதல் ஆளைக் கூப்பிட்டாள்.

"இப்ப என்ன ஆகும்?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது சார். இல்லைன்னா என்ன செய்யணும்னு யாரும் எழுதச் சொல்லல."

"அப்ப விசாரணை?"

"அவங்க பதில் சொல்லிட்டாங்க சார்."

"பதில் வந்திருக்கு. ஆனா நாம எதிர்பார்த்த பதில் வரல" என்றார் முற்றுப்புள்ளி. இதற்கான விதி அவரிடம் இல்லை. அன்று பிற்பகல் குழு கூடி, ஏழாம் கவுண்டர் ஊழியர் பொறுப்பானவர் என்று நிரூபணமாகவில்லை, பொறுப்பற்றவர் என்றும் நிரூபணமாகவில்லை, கோப்பு நிலுவையில் வைக்கப்படுகிறது என்று தீர்மானித்தது. நிரந்தரப் பட்டியலில் அக்காவுக்கு நேராகவும் 'நிலுவை' என்றே எழுதினார்கள்.

புதன்கிழமை எனக்கே ஒரு பெட்டி வந்தது. 'மூலப் பெட்டியில் ஒரு வரியை நீக்கியது நானே.' சரி, இல்லை. முற்றுப்புள்ளி சொல்லச் சொல்ல, பக்கத்து நாற்காலிக்காரி எழுதியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை பெட்டிகளில் உண்மையைக் கேட்ட முதல் பெட்டி அதுதான் என்பதால் நான் 'சரி' அழுத்தினேன்.

இப்போது நான் அடித்தளத்தில் பழைய தளவாட அறையில் இருக்கிறேன். நாற்பது ஸ்பீக்கர்களும் நாற்பது டாப் கீகளும் என் பொறுப்பில். நான் நீக்கிய வரியைத் திரும்பப் போடும் வேலை பக்கத்து நாற்காலிக்காரிக்கு வந்திருக்கிறது. அவள் தினமும் மாலை, முற்றுப்புள்ளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வரியைப் போடுகிறாளாம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவாராம். அதன் பிறகு கோப்பை மூடும்போது, 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று ஒரு பெட்டி கேட்கும். அதற்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். மறுநாள், "இன்னும் அந்தப் பட்டன் தெரியுதே?" என்று அவர் கேட்டால், "நாப்பது கவுண்டருக்கும் போய்ச் சேரணுமே சார்" என்கிறாள். எங்கள் சுற்றறிக்கைகள் போய்ச் சேருகிற வேகம் தெரிந்தவராகையால் அவர் அதை நம்புகிறார். எத்தனை நாளைக்கு நம்புவார் என்று தெரியவில்லை. வேறு யாரையாவது உட்கார வைத்தால் ஒரு நிமிட வேலை.

நேற்று அக்கா வீட்டில் இருந்தேன். தினமும் ஒன்பதரைக்கு அந்தப் பெட்டி அவளுக்குத் திறக்கிறது. இரண்டாவது பட்டன் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வாளாம். இருந்தால், பத்தில் மிச்சமுள்ள வினாடிகளில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வாளாம். பிறகு 'இல்லை'. பிறகு முதல் டோக்கன்.

"ஒருநாள் அது இல்லாமப் போயிடும்க்கா" என்றேன். "சரி மட்டும்தான் இருக்கும். அழுத்தாம மெஷின் நகராது."

"தெரியும்."

"அப்ப என்ன பண்ணுவ?"

அக்கா மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

"உக்காந்திருப்பேன்" என்றாள். "அது நகராதுல்ல? நானும் நகர மாட்டேன். வரிசையில நிக்கறவங்க கேட்டா, பெட்டியைப் படிச்சுக் காட்டுவேன். நாற்காலியை மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுக்கச் சொல்லுடா. ஒரு கால் ஆடுது."

தளவாட அறையில் நல்ல நாற்காலி ஒன்று இருக்கிறது. காலையில் மேலே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.